இடிக்க விடவில்லை, இனி மறைக்கவும் விடக் கூடாது!
ஹிரோஷிமா உடுப்புக் கிடங்கும் உழைக்கும் மக்களும்

ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்தில் தெஷியோ என்றொரு பேட்டை. அங்கே நான்கு செங்கல் கட்டிடங்கள் நிற்கின்றன. மூன்று அடுக்குகள், பெரிய பஞ்சாலைக் கிடங்கு போன்ற நீளம், 1913-ல் எழுப்பியவை. ஜன்னல்களுக்குக் கனத்த இரும்புக் கதவுகள். அந்தக் கதவுகளில் பல, தகரத்தை முழங்காலில் வைத்து மடக்கியது போல வளைந்து கிடக்கின்றன. 1945 ஆகஸ்ட் 6-ந் தேதி காலை 8.15 மணிக்கு அங்கிருந்து 2.7 கிலோமீட்டர் தூரத்தில் வெடித்த அமெரிக்க அணுகுண்டின் காற்று அவற்றை வளைத்தது. எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது.

இந்த நான்கில் மூன்று ஹிரோஷிமா மாகாண நிர்வாகத்துக்குச் சொந்தம். ஒன்று மத்திய சர்க்காருக்குச் சொந்தம். 2019 டிசம்பரில் மாகாண நிர்வாகம் ஒரு திட்டத்தை வெளியிட்டது. தன் மூன்றில் இரண்டை இடித்துத் தள்ளுவதாம். மூன்றாவதன் வெளித்தோற்றத்தை மட்டும் காப்பதாம்! பூகம்பம் வந்தால் சுவர் சரியும், பலப்படுத்தப் பணம் ஏராளமாகும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

ஜனங்கள் விடவில்லை. குண்டுக்குத் தப்பிய முதியவர்கள் எழுந்தார்கள். யுத்தத்தையே பார்த்திராத வாலிபர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் கையொப்பங்கள் குவிந்தன. நிர்வாகம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபோது, இடிக்காதே என்றவர்களே அதிகம். 2021-ல் நிர்வாகம் பின்வாங்கியது. மூன்றையும் காப்பதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் ஜப்பான் சர்க்கார் இந்தக் கட்டிடங்களை முக்கியக் கலாசாரச் சொத்தாகப் பிரகடனம் செய்தது.

"அப்படியானால் காரியம் முடிந்தது, இனி எழுத என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். காரியம் முடியவில்லை என்கிறோம். பாதிக் காரியமே முடிந்திருக்கிறது. சுவர் நின்றுவிட்டது. அந்தச் சுவர் எதைப் பேசப் போகிறது என்பது இனிமேல்தான் தீர்மானமாக வேண்டும்.

"நமக்கென்ன?" என்பவர்களுக்கு

பஞ்சாலைத் தோழர் ஒருவர் கேட்கலாம்: "நம் லயன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. கடல் கடந்த ஊரில் ஒரு பழைய கிடங்கு நின்றால் என்ன, விழுந்தால் என்ன?" விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்கலாம்: "குடியிருக்க மனையில்லாதவன் இருக்கும் உலகத்தில், ஆளில்லாத கட்டிடத்துக்குப் பணம் கொட்டலாமா?"

நேர்மையான கேள்விகள். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எந்தக் கட்டிடங்களுக்கு ஆயுள் கெட்டி? மன்னன் கட்டிய கோட்டைக்கு, சீமான் வாழ்ந்த மாளிகைக்கு, தளபதி குதிரைமேல் நிற்கும் சிலைக்கு. அவற்றைக் காக்கப் பணமிருக்கிறதா என்று எவனும் கேட்பதில்லை. தொழிலாளி வேலை செய்த இடமென்றால் மட்டும் கணக்குப் புத்தகம் வெளியே வருகிறது! ஆலையை மூடினால் அடுத்த மாதமே புகைக்கூண்டு பழைய செங்கல் விலைக்குப் போகிறது. அங்கே கையிழந்தவன் யார், கண்ணிழந்தவள் யார் என்பதற்கு ஓர் அடையாளமும் மிஞ்சுவதில்லை. இடம் போனால் நினைவு போகும். நினைவு போனால் கேட்பாரில்லை. அதிகாரத்தில் உள்ளவனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் எதை வைப்பது, எதை இடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை அவன் யாருக்கும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஹிரோஷிமாவின் இந்தக் கிடங்கு மாளிகையல்ல, கோயிலல்ல. அது துணியும் நூலும் ஊசியும் புழங்கிய இடம். நம்மைப் போன்றவர்கள் ஷிப்டு பார்த்த இடம். அதனால்தான் அதன் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிப்பாயின் சட்டை எங்கிருந்து வந்தது?

1894-ல் ஜப்பானிய ஆளும் வர்க்கம் சீனத்தின் மீது யுத்தம் தொடுத்தபோது, சக்கரவர்த்தியே டோக்கியோவை விட்டு ஹிரோஷிமாவுக்கு வந்து யுத்தத் தலைமையிடம் அமைத்தார். ரயில் பாதை அங்கே முடிந்தது. உஜினா துறைமுகம் அங்கே தொடங்கியது. அன்று முதல் ஹிரோஷிமா ஒரு ராணுவப் பட்டணம். கொரியாவுக்கும் சீனத்துக்கும் சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் உஜினாவிலிருந்து போயின.

சிப்பாய்க்குச் சோறு வேண்டும், ஆயுதம் வேண்டும், உடுப்பு வேண்டும். மூன்றுக்கும் ஹிரோஷிமாவில் மூன்று ராணுவ டிப்போக்கள் எழுந்தன. உடுப்பு டிப்போ, ருஷ்ய-ஜப்பான் யுத்த காலத்தில், 1905-ல் ராணுவ உடுப்பைத் துவைக்கும் சலவைக்கூடமாக ஆரம்பித்தது. பிறகு டோக்கியோ தலைமை டிப்போவின் கிளையாக வளர்ந்தது. சட்டை, கால்சராய், தொப்பி, பூட்ஸ் எல்லாம் இங்கே தயாராயின; இங்கே சேமிக்கப்பட்டன; இங்கிருந்து கப்பலேறின.

தயாரித்தவர்கள் யார்? தளபதிகள் ஊசி பிடிக்கவில்லை. ஊர்ப்புறத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள், கணவனையும் பிள்ளையையும் போர்முனைக்கு அனுப்பிவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு வந்த மாதர்கள், இவர்கள்தான் தைத்தார்கள். ஆள் பற்றாமல் போனபோது சர்க்கார் பள்ளிக்கூடத்தில் கை வைத்தது. 1944 முதல் படிப்பை நிறுத்தி, பிள்ளைகளை ஆண்டு முழுவதும் வேலைக்கு இழுத்தது. புத்தகம் பிடித்த கை ராணுவத் துணி பிடித்தது. தேசபக்தி என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். கட்டாய வேலைக்கு ஆளும் கூட்டம் எப்போதும் ஓர் அழகான பெயர் வைத்திருக்கும்!

அந்த 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமா நகரின் நடுவே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். ஆகாய விமானத் தாக்குதலில் தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலை அவர்களுக்கு இடப்பட்டிருந்தது. தலைக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அந்த வேலையில் நின்ற பிள்ளைகளில் சுமார் 6,000 பேர் மாண்டார்கள். நகரம் முழுவதிலும் அந்த ஆண்டு முடிவதற்குள் செத்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர்.

நகரின் நடுப்பகுதியைத் தின்ற தீ உடுப்புக் கிடங்கு வரை எட்டவில்லை. சுவர் தாங்கியது, இரும்புக் கதவு வளைந்தது. வெந்த உடம்போடு நடக்க முடிந்தவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ராணுவ உடுப்பு அடுக்கிய தளத்தில் மனிதர்களை வரிசையாகக் கிடத்தினார்கள். மருந்தில்லை. வைத்தியரில்லை. தண்ணீர் கேட்டபடியே நூற்றுக்கணக்கில் உயிர் போயிற்று.

இதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் கவிஞர் தோகே சன்கிச்சி. அவரும் குண்டுக்குத் தப்பியவர். பின்னாளில் ஜப்பான் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். தெரிந்தவரைத் தேடி இந்தக் கிடங்குக்குப் போய், அங்கே கண்டதை ஒரு கவிதையாக்கினார். ஹிரோஷிமாவைப் பற்றி உண்மை எழுதுவதற்கு அமெரிக்க ஆக்கிரமிப்பு ராணுவத்தின் தணிக்கை குறுக்கே நின்ற காலம் அது. கொரியா யுத்தம் நடந்துகொண்டிருந்த 1950-ல் ஆகஸ்ட் 6 நினைவுக் கூட்டமே நிறுத்தப்பட்டது. 1951-ல் அவருடைய அணுகுண்டுக் கவிதைகள் கல்லச்சு மாதிரியான கைப்பிரதி அச்சில் வெளிவந்தன. 1953-ல், 36-வது வயதில், அறுவை மேசையில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய கவிதை நிற்கிறது. அவர் எழுதிய தளமும் நிற்கிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

மலாயாத் தோட்டத்திலிருந்து பார்த்தால்

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஹிரோஷிமா பட்ட துயரத்தைப் பேசும்போது, ஹிரோஷிமாவிலிருந்து புறப்பட்ட துயரத்தை மறந்துவிடக் கூடாது.

ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்டது ஜப்பான் ராணுவத்தின் 5-வது டிவிஷன். 1941 டிசம்பர் 8-ல் சயாம் கடற்கரையில் சிங்கோராவிலும் பட்டானியிலும் இறங்கி, மலாயாவுக்குள் புகுந்து, தெற்கே இறங்கிய படைகளில் அதுவும் ஒன்று. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார்கள் தோட்டத்தைக் கைவிட்டு ஓடினார்கள். பால்மரத்தடியில் நின்றவர்கள் தமிழ்க் கூலிகள்.

அதற்கப்புறம் நடந்தது தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரியும். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பான் ராணுவத்துக்கு ஆள் தேவைப்பட்டது. நல்ல கூலி என்று ஆசை காட்டிச் சிலரைக் கொண்டுபோனார்கள். ஆள் போதாதபோது தோட்டங்களிலிருந்து வளைத்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள். காட்டில் பட்டினி, காலரா, மலேரியா, அடி. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பல்லாயிரம் தமிழர்கள் அந்த மண்ணிலேயே முடிந்தார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், வெள்ளைக் கைதிகள் என்று பாதையோரம் புதைந்தவர்கள் எத்தனையோ பேர். மரண ரயில் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

அந்தக் காட்டில் கம்பு பிடித்து நின்ற சிப்பாய் போட்டிருந்தது ஜப்பான் ராணுவத்தின் உடுப்பு. அந்த ராணுவத்துக்கு உடுப்பு தந்த பெரிய டிப்போக்களில் ஒன்று ஹிரோஷிமாவில் இருந்தது.

அப்படியானால் அங்கே தைத்த பெண் குற்றவாளியா? இல்லை! தன் ஊசி எங்கே போய்க் குத்தும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, கேட்டிருந்தால் சிறை. அவளும் சுரண்டப்பட்டாள்; தோட்டத்துத் தமிழனும் சுரண்டப்பட்டான். ஒருத்தி தைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஒருவன் இன்னொருவனை அடித்தான். மூவரில் எவருக்கும் அந்த யுத்தத்தில் லாபமில்லை. லாபம் பார்த்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். யுத்தம் என்பது இதுதான் என்று ஒரே கட்டிடத்துக்குள் நின்று விளக்க முடியுமென்றால், அது இந்தக் கிடங்கில் முடியும். அடித்தவன் உடுப்பும் இங்கேதான் இருந்தது. அடிபட்டவன் உடலும் இங்கேதான் கிடந்தது.

ஆகவேதான் இது ஜப்பானியரின் கட்டிடம் மட்டுமல்ல என்கிறோம். மலாயாத் தோட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தமிழ்த் தாய்க்கும் இதில் பங்குண்டு.

இடிக்கச் சொன்னவர்களின் மூன்று வாதங்கள்

இடிப்பு வாதிகள் என்ன சொன்னார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: பணம். கட்டிடம் ஒன்றைப் புழக்கத்துக்கு ஏற்றபடி பலப்படுத்த 330 கோடி யென் வரை ஆகும் என்று கணக்குக் காட்டினார்கள். ஜனங்கள் எதிர்த்த பிறகு செங்கல்லை மறுபடி சோதித்தார்கள். முன்பு நினைத்ததைவிடச் செங்கல் உறுதியானது என்று தெரிந்தது; செலவுக் கணக்கும் பெருமளவு இறங்கியது! மில் தொழிலாளிக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? போனஸ் கேட்டால் நஷ்டக் கணக்கு நீட்டப்படும். ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்தால் அதே கணக்கில் லாபம் தலைகாட்டும். மேலிருந்து வரும் கணக்கு வேதவாக்கு அல்ல. மறுபடி எண்ணு என்று கேட்பவன் இருந்தால் அது மாறும்.

இன்னொன்றும் உண்டு. 2022 டிசம்பரில் ஜப்பான் சர்க்கார் ஐந்தாண்டு ராணுவச் செலவுக்கு 43 லட்சம் கோடி யென் என்று முடிவு செய்தது. மூன்று கட்டிடங்களுக்கும் முதலில் சொன்ன பெரிய தொகையையே வைத்துக்கொண்டாலும் 1,000 கோடி யென்னைத் தாண்டாது. அதைப்போல நாலாயிரம் மடங்குக்கு மேல் பீரங்கிக்கும் ஏவுகணைக்கும் இருக்கிறது. யுத்தம் வேண்டாம் என்று சொல்லும் நான்கு சுவருக்கு இல்லை! மாகாணத்தின் பை வேறு, மத்திய சர்க்காரின் பை வேறு என்பார்கள். இரண்டு பையையும் நிரப்புவது ஒரே ஜனங்களின் வரிதானே?

மனையில்லாத விவசாயத் தொழிலாளியின் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஏழையின் வீட்டுப் பணத்தைத் தின்றது நினைவுச் சின்னம் அல்ல. தின்றது ராணுவச் செலவு. நினைவுச் சின்னத்தை இடித்து மிச்சப்படும் காசு குடிசைக்காரனுக்கு வந்து சேரும் என்று எவனாவது எழுதிக் கொடுத்தானா? இதுவரை எந்த ஊரில் அப்படி வந்து சேர்ந்திருக்கிறது?

இரண்டாவது வாதம்: ஆபத்து. பூகம்ப நாடு, சுவர் சரிந்தால் பக்கத்தில் குடியிருப்பவன் சாவான். இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. உயிரோடிருப்பவனின் பாதுகாப்பு முதல் காரியம். ஆனால் கட்டிடம் பலவீனமானது எப்படி? யுத்தத்துக்குப் பின் அது சும்மா கிடக்கவில்லை. பள்ளிக்கூடமாக இருந்தது; மாணவர் விடுதியாக இருந்தது; சரக்குக் கிடங்காக 1990-களின் நடுப்பகுதி வரை உழைத்தது. லாபம் தரும்வரை அது ஆபத்தாகத் தெரியவில்லை! அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு பூட்டிப் போட்டார்கள். பராமரிக்காமல் விட்டுவிட்டு, பலவீனமாகிவிட்டது, இடிக்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்? ஆபத்துக்குப் பரிகாரம் பலப்படுத்துவது. இடிப்பது பரிகாரமல்ல, கைகழுவுவது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "பார்க்கப் பார்க்க மனம் நோகிறது, போகட்டும் விடுங்கள்" என்பது. இதைச் சொன்னவர்களில் குண்டுக்குத் தப்பியவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து ஒரு சுடுசொல் சொல்ல நமக்கு உரிமையில்லை. பெற்ற பிள்ளை வெந்து செத்த சுவரைத் தினமும் கடந்து போவது சாதாரணக் காரியமா? ஆனால் அந்த முதியவர்களில் மற்றும் பலர் நோவைப் பொறுத்துக்கொண்டே சுவர் நிற்கட்டும் என்றார்கள். ஏன் என்று யோசியுங்கள். 2025 மார்ச் கணக்குப்படி அணுகுண்டுக்குத் தப்பி ஜப்பானில் உயிரோடு இருந்த பதிவு பெற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. அவர்களுடைய சராசரி வயது 86. தங்கள் வாய் மூடிய பிறகு பேசுவதற்கு ஒன்று வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வாய்ச் சாட்சி மறையும்போது கல் சாட்சி தேவை. இது அவர்கள் நமக்காகச் சுமக்கும் நோவு.

ஒரு கோபுரம் நின்றது, ஒரு கோயில் போயிற்று

இந்தச் சண்டை புதியதல்ல. ஹிரோஷிமாவில் ஆற்றங்கரையில் எலும்புக்கூடாக நிற்கும் கும்மட்டக் கட்டிடத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1915-ல் ஐரோப்பியச் செக் நாட்டுக் கட்டிடக் கலைஞர் யான் லெட்சல் வரைந்து எழுப்பிய வணிகப் பொருட்காட்சி மண்டபம் அது. குண்டு வெடித்த புள்ளிக்கு ஏறத்தாழ 160 மீட்டரில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் மாண்டார்கள்.

அதையும் இடிப்பதா வைப்பதா என்று இருபது ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். ஒரு வயதுக் குழந்தையாகக் குண்டின் கதிருக்கு ஆளான ஒரு சிறுமி, 1960-ல் பதினாறு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அந்தக் கட்டிடம் என்றென்றும் நின்று உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற கருத்தை அவள் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தாள். அதைப் படித்த பள்ளிப் பிள்ளைகள் உண்டியலும் கையொப்பத் தாளும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 1966 ஜூலையில் நகரசபை அதைக் காக்கத் தீர்மானம் போட்டது. 4 கோடி யென் நன்கொடை கேட்டார்கள். 6 கோடிக்கு மேல் வந்து குவிந்தது! 1967-ல் முதல் செப்பனிடும் வேலை முடிந்தது. சர்க்கார் கருணையால் நின்ற கட்டிடமல்ல அது. பிள்ளைகளின் உண்டியலால் நின்ற கட்டிடம்.

1996-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அப்போது அமெரிக்க சர்க்கார் அந்த முடிவோடு தன்னைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. குண்டு போட்டவனுக்குச் சாட்சி பிடிக்காது, அதில் புதுமையில்லை. சீனமும் ஆட்சேபக் குறிப்பு எழுதியது. ஆனால் அதன் காரணம் வேறு. ஆசிய மக்கள் மீது ஜப்பான் ராணுவம் செய்த ஆக்கிரமிப்பை மறுப்பவர்கள் இந்தச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்றது சீனம். முதலாவது, குற்றத்தை மறைக்க விரும்பியவனின் மறுப்பு. இரண்டாவது, அடிபட்டவனின் எச்சரிக்கை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

நாகசாகியில் என்ன நடந்தது? 1945 ஆகஸ்ட் 9-ல் அங்கே விழுந்த இரண்டாவது குண்டு உராகாமி மாதாகோயிலைப் பொடியாக்கியது. கருகிய சிலைகளோடு உடைந்த சுவர்கள் நின்றன. அவற்றை அப்படியே காக்க வேண்டும் என்று நகரின் பாதுகாப்புக் கமிட்டி திரும்பத் திரும்பச் சொன்னது. நகரசபையும் அதே பக்கம் நின்றது. ஆனால் 1955-ல் அமெரிக்க நகரம் ஒன்றோடு நாகசாகிக்குச் "சகோதர நகர" உறவு ஏற்பட்டது. 1956-ல் நாகசாகி மேயர் அமெரிக்கா போய் வந்தார். அதன் பிறகு அவருடைய பேச்சு மாறியது. 1958 மார்ச்சில் சுவர்கள் இடிக்கப்பட்டன. ஒரு சிறு துண்டைப் பெயர்த்துப் பூங்காவில் வைத்தார்கள். அதே இடத்தில் தொழ வேண்டும் என்ற விசுவாசிகளின் ஆசையைக் குறை சொல்ல மாட்டோம். தலைமுறை தலைமுறையாக அடக்குமுறையைத் தாங்கிய ஏழைக் கிறிஸ்தவர்கள் அவர்கள். ஆனால் விருந்துக்குப் போய் வந்த பிறகு ஏன் பேச்சு மாறியது என்ற கேள்வியை நாகசாகி மக்கள் இன்றும் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள்!

ஓரிடத்தில் பிள்ளைகள் உண்டியல் ஏந்தினார்கள், கோபுரம் நின்றது. மற்றோரிடத்தில் மேலிடத்து முடிவுக்கு விட்டார்கள், சுவர் போயிற்று. உடுப்புக் கிடங்குப் போராட்டக்காரர்கள் இந்தப் பாடத்தைப் படித்துத்தான் களத்தில் இறங்கினார்கள்.

புதிய ஆபத்து

இப்போது வரவேண்டிய இடத்துக்கு வருகிறோம். கட்டிடம் இனி இடிபடாது. அப்படியானால் ஆபத்து இல்லையா? உண்டு. இடிப்பதைவிடச் சாமர்த்தியமான வழி ஒன்று இருக்கிறது: மெழுகி, விளக்குப் போட்டு, உல்லாசப் பயணிக்கு வேடிக்கைப் பொருளாக்குவது! "நூறாண்டுச் செங்கல், அழகிய வளைவு, ஆரம்பகாலக் கான்கிரீட் வேலையின் அற்புதம்" என்று பலகை மாட்டினால் போதும். யார் தைத்தார்கள், யாருக்கு மாட்டினார்கள், யாரை அடித்தார்கள், யார் செத்தார்கள் என்ற நான்கு கேள்வியும் மெல்ல மறையும். கட்டிடம் இருக்கும், சாட்சி இருக்காது.

இந்த பயம் வீண் பயமா? அல்ல. ஜப்பானில் தொழிலாளியாக வந்து குண்டில் மாண்ட கொரியர்கள் ஆயிரமாயிரம். அவர்களுக்கு ஹிரோஷிமாவில் 1970-ல் ஒரு நினைவுத் தூண் எழுந்தது. எங்கே? சமாதானப் பூங்காவுக்கு வெளியே! செத்தவர்களிலும் தீண்டாமை! அந்தத் தூணைப் பூங்காவுக்குள் கொண்டுவர 1999 வரை போராட வேண்டியிருந்தது. சேரிக்குத் தனிச் சுடுகாடு ஒதுக்கப்பட்ட கிராமத்தில் வாழ்ந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நினைவுச் சின்னம் இருந்தால் மட்டும் போதாது. அதில் யாருக்கு இடம் என்பதும் போராட்டம்தான்.

நாம் என்ன சொல்கிறோம்?

நான்கு கட்டிடங்களும் ஒன்று குறையாமல் நிற்க வேண்டும். வரிசையாக நிற்கும்போதுதான் யுத்த யந்திரம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவனுக்கு உறைக்கும். ஒன்றை மாதிரிக்கு வைப்பது, பஞ்சாலையை விளக்க ஒரு கதிரை மட்டும் காட்டுவது போல.

உள்ளே தைத்த மாதர்களின் கதையும், இழுத்து வரப்பட்ட மாணவ மாணவிகளின் கதையும், கொரியத் தொழிலாளிகளின் கதையும் சுவரில் ஏற வேண்டும். தளபதிகளுக்குப் போதுமான சிலைகள் ஏற்கனவே உள்ளன.

இங்கே வந்து செத்தவர்களோடு, இங்கே தயாரான உடுப்பு போன இடங்களும் எழுதப்பட வேண்டும்: கொரியா, சீனம், மலாயா, பர்மா. மரண ரயிலில் மாண்ட தமிழ்க் கூலிக்கும் அந்தப் படத்தில் ஒரு புள்ளி வேண்டும்.

வளைந்த இரும்புக் கதவை நிமிர்த்தக் கூடாது, சாயம் பூசக் கூடாது. அது எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாகப் பேசுகிறது.

இப்படிச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்பவர் உண்டு. தகுதி இருக்கிறது. அதோடு பொறுப்பும் இருக்கிறது. உலகத்தில் இன்று 12,000-க்கு மேல் அணு ஆயுதங்கள் இருக்கின்றன. ஒன்பது நாடுகள் வைத்திருக்கின்றன. அந்த ஒன்பதில் நம் நாடும் ஒன்று. 1974-லும் 1998-லும் பொக்ரானில் பூமியை அதிர வைத்துவிட்டு இனிப்பு வழங்கியவர்கள் நம் நாட்டிலும் உண்டு. அணு ஆயுதத்தைத் தடை செய்யும் சர்வதேச ஒப்பந்தம் 2017-ல் நிறைவேறி 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது இந்திய சர்க்கார் அதில் சேரவில்லை. குண்டுபட்ட ஜப்பானின் சர்க்காரே சேரவில்லை! 2024-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது குண்டுக்குத் தப்பியவர்களின் ஸ்தாபனம். அந்த ஸ்தாபனத்தின் கோரிக்கையைக் கேட்க அவர்கள் நாட்டு சர்க்காருக்கே காதில்லை. ஆகவே சாட்சிச் சுவர் டோக்கியோவுக்கும் வாஷிங்டனுக்கும் தேவைப்படுவது போலவே டில்லிக்கும் தேவை.

மில் தோழர்களே, வயலில் உழைக்கும் தோழர்களே! யுத்தம் வந்தால் துணி நெய்வது நாம், தானியம் கொடுப்பது நாம், பிள்ளையை அனுப்புவது நாம், சாவதும் நாம். யுத்தம் முடிந்தால் சிலை மட்டும் வேறொருவனுக்கு. ஹிரோஷிமாவின் உடுப்புக் கிடங்கு அந்த வழக்கத்துக்கு விதிவிலக்காக நிற்கிறது. உழைத்தவன் நின்ற தளம் அது. உழைத்தவன் விழுந்த தளமும் அது. ஹிரோஷிமாவின் முதியவர்களும் வாலிபர்களும் அதை இடியாமல் காத்தார்கள். அது பொய் பேசாமல் காக்கிற வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்திருக்கிறது.

உங்கள் தொழிற்சங்கக் கூட்டத்தில், விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில், வருகிற ஆகஸ்ட் 6-ந் தேதி இந்தக் கிடங்கின் கதையைச் சொல்லுங்கள். மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்கள் பெயரையும் அந்தக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.

சுவர் நிற்கட்டும்! சாட்சி பேசட்டும்! அணு ஆயுதம் ஒழியட்டும்!